பதறாமல் வாங்கோ

நீதிபதி சொன்ன அந்த ஒரு வசனத்தைச் சிவரூபினி தாளில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

'வழக்குக்கு வெளியிலிருந்து எந்தத் தகவலையும் உங்கள் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.'

ஜூரிகள் பன்னிரண்டு பேரில் அவள் ஏழாவது. மற்றவர்கள் பேனையை வைத்துவிட்டு நீதிபதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவரூபினி எழுதிக்கொண்டேயிருந்தாள். பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரி மருந்தகத்தில் குளிசைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். லேபிளில் உள்ளதை அப்படியே செய்ய வேண்டும், சொந்தப் புத்தியைக் கலக்கக் கூடாது. அந்த வேலையில் அவள் கற்றது அதுதான். அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் கற்றதும் அதேதான். அதிகாரி எழுதித் தந்த தாளுக்கு மேலே ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

எதிரே, கண்ணாடிக்குப் பின்னால் குகதாசன் இருந்தார். ஐம்பத்தாறு வயது. சட்டைக் கழுத்துப் பொத்தான் பூட்டியிருந்தது. பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண் அவருடைய காதுக்குள் கதைத்தபடி இருந்தாள்.

அவர் கெயரர். வயதானவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலை. தென் லண்டனில், நோர்பரியில் தனியாக இருந்த அம்பலவாணர் என்ற எண்பத்து மூன்று வயது மனிதரை அவர்தான் பார்த்துவந்தார். போன வருடம் ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த வீட்டில் இருந்ததாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்தார். ஆனால் இரண்டரைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பார்சலோடு வந்து மூன்று தரம் மணி அடித்திருக்கிறாள். ஒருவரும் திறக்கவில்லை. மூன்று மணிக்கு அம்பலவாணர் கட்டிலுக்கு அருகே விழுந்து உயிரில்லாமல் கிடந்தார். வேலை நேரத்தில் வெளியே போய், கிழவரை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டார் என்பது வழக்கு.

'பின்குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். புகை இழுக்கும் ஃபேன் சத்தத்தில் மணி கேட்கவில்லை' என்று குகதாசன் பொலிசிடம் சொல்லியிருந்தார். கோர்ட்டில் அவர் சாட்சி சொல்லவில்லை. வழக்கறிஞர் வேண்டாமென்றிருக்க வேண்டும்.

ஆக, அந்த மனிதர் சொன்னதை நம்புவதா இல்லையா என்பதுதான் முழு வழக்கும். அதைத் தீர்மானிக்க அரசுத் தரப்பு கையில் வைத்திருந்தது ஒரு போன் அழைப்பு.

மூன்று மணி நாலு நிமிடத்துக்கு அவர் அம்புலன்ஸை அழைத்தார். பதிவைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். உடைந்த ஆங்கிலத்தில், "மூச்சு இல்லை. உடம்பு குளிர். செத்துப்போனார்" என்றார். மூன்று பதினொன்றுக்கு அம்பலவாணரின் மகள் மேனுஷாவை அழைத்தார்.

"ஐயாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, பதறாமல் வாங்கோ. அவ்வளவுதான் சொன்னார்."

மேனுஷா சாட்சிக்கூண்டில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். மூன்று வயதில் லண்டனுக்கு வந்தவள், கணக்காளர். "கொஞ்சம் என்றால் கொஞ்சம் என்றுதான் நினைத்தேன். வழியில் நின்று பெற்றோல் அடித்தேன். அப்பாவுக்குப் பிடிக்குமே என்று திராட்சைப்பழம் வாங்கினேன். நாற்பது நிமிடம் கழித்துத் திராட்சைப் பையோடு போய் வாசலில் நிற்கிறேன், அம்புலன்ஸ்காரர் தன் சாமான்களைத் திருப்பி வண்டிக்குள் ஏற்றுகிறார்."

அப்போது ஜூரியில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பொலிஸ் கேட்டதற்குக் குகதாசன் சொன்ன பதிலையும் வாசித்தார்கள். "மகளிடம் வேறு என்ன சொல்வது?" அரசு வழக்கறிஞர் அதை இரண்டு தரம், ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "பாருங்கள், எவ்வளவு சாதாரணமாகப் பொய் சொல்கிறார். மகள் வருவதற்குள் கதையைத் தயார் பண்ண நேரம் தேவைப்பட்டது. இப்படிப்பட்டவர் பதிவுப் புத்தகத்தில் உண்மையா எழுதுவார்?"

சிவரூபினி பேனையைத் தாளிலிருந்து எடுத்தாள்.

அவளுடைய அப்பா போனபோது, யாழ்ப்பாணத்தில் சுதுமலையிலிருந்து அண்ணன் வேலையிடத்துக்கே போன் எடுத்தான். "அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. நீ பதறாதை." அந்தப் 'பதறாதை'யிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அப்படியே மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே இருந்துவிட்டாள். பிறகு கனடாவில் இருந்த தங்கை கோசிகாவுக்கு அவள் எடுத்தாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் இருக்காம்." கோசிகா கேட்டது ஒன்றுதான்: "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" பிரேதத்தை எப்போது எடுப்பார்கள் என்று.

செத்துவிட்டார் என்று பெற்ற பிள்ளைக்குப் போனில் சொல்லும் மனிதரை அவள் கண்டதில்லை. வீட்டுக்கு வரவைத்து, பக்கத்தில் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சொல்வார்கள். வாகனம் ஓட்டிக்கொண்டு வருகிறவளுக்கு வேறு என்ன சொல்வது? அது குகதாசனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விசயமாகவே பட்டிருக்காது. தண்ணீர் ஏன் குடித்தாய் என்று கேட்டமாதிரி இருந்திருக்கும்.

மேனுஷாவுக்கு அது தெரியவில்லை. மூன்று வயதில் வந்த பிள்ளை. இந்தக் கோர்ட்டில் வேறு யாருக்குத் தெரியும்?

ஒருவருக்குத் தெரியும். பதினோராவது ஜூரி நரசிம்மன். சென்னைக்காரர், ஒரு வங்கியில் கணினி வேலை. விசாரணையின் மூன்றாம் நாள் கன்ரீனில் தேத்தண்ணி எடுக்கும்போது அவளிடம் வந்து, "மேடம், நீங்க ஜாஃப்னாவா? இந்த டீயைக் குடிச்சா நமக்கே ஆயுள் தண்டனை கொடுத்த மாதிரி இருக்கு" என்றார். அவள் சிரித்துவிட்டாள். "ஓம் தம்பி, சுடுதண்ணிக்கு நிறம் பூசியிருக்கினம்." இரண்டு பேரும் ஐந்து நிமிடம் தமிழில் கதைத்தார்கள். வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை, பன்னிரண்டு பேரும் அறைக்குள் இருக்கும்போதுதான் கதைக்கலாம் என்று நீதிபதி முதல் நாளே சொல்லியிருந்தார். அப்போது இன்னொரு ஜூரி, கட்டட வேலைக்கார டீன், தட்டோடு கடந்துபோனான். "என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து உங்க ஆளை வெளியே எடுக்கத் திட்டமா?" பகிடியாகத்தான் கேட்டான். அதற்குப் பிறகு நரசிம்மன் வேறு மேசையில் இருந்தார். அவளும் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த வசனத்தைச் சொல்வதற்குச் சற்று முன்பு நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபதைத் தாண்டிய பெண். குரலில் அவசரம் இல்லை.

"இனி, அந்தப் போன் அழைப்பு. பொய் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். மனிதர்கள் பல காரணங்களுக்காகப் பொய் சொல்கிறார்கள். பயம், வெட்கம், பதற்றம், மற்றவரைக் காப்பாற்றும் எண்ணம். குற்றத்தை மறைக்கத்தான் இந்தப் பொய் சொல்லப்பட்டது என்று நீங்கள் நிச்சயமாக நம்பினால் மட்டுமே அது அரசுத் தரப்புக்கு உதவும். வேறு காரணம் இருந்திருக்கலாம் என்று நினைத்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்."

சிவரூபினி நிமிர்ந்தாள். கதவைத் திறந்துவிட்டாவே இந்த மனுசி!

அடுத்த நிமிடம்தான் இரண்டு கோடு போட்ட அந்த வசனம் வந்தது. தொடர்ந்து நீதிபதி சொன்னார்: "இங்கே கேட்டது மட்டும்தான் சாட்சியம். இன்றோடு சாட்சியம் முடிந்துவிட்டது. உங்கள் பகுத்தறிவையும் வாழ்க்கை அனுபவத்தையும் பயன்படுத்துங்கள். ஊகம் செய்யாதீர்கள்."

எல்லாவற்றையும் ஐந்து பக்கத்தில் அச்சடித்து ஆளுக்கொன்று தந்தார்கள்.

*

ஜூரி அறையில் நீட்டு மேசை, பன்னிரண்டு கதிரை, தேத்தண்ணிக்கு ஒரு கேத்தில். கதவுக்கு வெளியே காவலுக்கு ஓர் ஆள். போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பாடசாலை அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஜில்லைத் தலைவியாகத் தெரிவுசெய்தார்கள். முதல் வாக்கு: குற்றவாளி என்று ஏழு பேர், இல்லை என்று ஐந்து பேர்.

"மணி கேட்கவில்லையாம். மூன்று தரம் அடித்திருக்கிறாள்" என்றான் டீன்.

"என் வீட்டு ஃபேனைப் போட்டால் என் புருசன் கத்துறதே எனக்குக் கேட்காது" என்றாள் மார்சியா. ஓய்வுபெற்ற தாதி, ஜமேக்காக்காரி. "அதுக்காகத்தானே ஃபேனைப் போடுறனான்." எல்லாரும் சிரித்தார்கள்.

"சரி, ஃபேனை விடுங்கள்" என்றான் டீன். "அந்தப் போன்? செத்தவரைக் கொஞ்சம் சுகமில்லை என்பதா? அந்தப் பிள்ளை திராட்சைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தாள், கடவுளே!"

அன்று பின்னேரம் முழுக்க எங்கே தொடங்கினாலும் கதை திராட்சைப்பழத்தில்தான் வந்து நின்றது. நாலரை மணிக்கு வீட்டுக்கு அனுப்பியபோது எட்டுக்கு நாலு.

சிவரூபினி ஒவ்வொரு தரமும் 'இல்லை' என்று கை உயர்த்தினாள், காரணம் கேட்டால், "எனக்கு நிச்சயமில்லை" என்றாள். நரசிம்மனும் அப்படியே. அவர் பார்வை அடிக்கடி அவள் பக்கம் வந்துபோனது. நீங்கள் சொல்லுங்கோ என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். உங்களுக்கு நல்ல ஆங்கிலம், படிச்ச ஆம்பிளை, அந்தாளின்ர ஊரும் இல்லை. நீங்கள் சொன்னால் எடுபடும். அவர் தன் பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் கணவர் கேட்டார். "என்னப்பா, முகம் ஒருமாதிரிக் கிடக்கு? ஆரை மறியலிலை அடைக்கப் போறியள்?"

"கதைக்கக் கூடாது."

"எனக்குமோ?"

"ஒருத்தருக்கும்."

"அப்ப சோத்தையாவது போடு, அதுக்கு ஜட்ஜிட்டைக் கேட்கத் தேவையில்லைத்தானே?"

அவள் சிரிக்கவில்லை. ஐந்து பக்கத்தையும் கோர்ட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், ஆனால் அந்த வசனம் மனப்பாடமாகிவிட்டது. அப்பா செத்த செய்தி சாட்சியமா? சாட்சிக்கூண்டில் யாரும் சொல்லாத விசயம். வெளியிலிருந்து வரும் தகவல். அதை அறைக்குள் கொண்டுபோனால் நாளைக்கு யாராவது முறைப்பாடு கொடுத்து, தமிழர் தமிழரைக் காப்பாற்றினார் என்று வழக்கையே திரும்ப நடத்துவார்களோ? தன்னையும் கூண்டில் ஏற்றுவார்களோ? வாழ்க்கை அனுபவத்தைப் பயன்படுத்தச் சொன்னார்தான். ஆனால் நீதிபதி நினைத்த வாழ்க்கை, பெற்றோல் அடித்து, பழம் வாங்கி, சொல்லைச் சொல்லாகவே எடுக்கிற வாழ்க்கை என்று அவளுக்குத் தோன்றியது. சுதுமலைக்கும் அந்தத் தாளுக்கும் என்ன சம்பந்தம்?

*

மறுநாள் காலை ஒன்பதுக்கு மூன்று. அவள், நரசிம்மன், மார்சியா.

"பெண்ணே," என்றாள் மார்சியா அவளைப் பார்த்து, "நேற்றிலிருந்து நீ எதையோ வாய்க்குள் வைத்திருக்கிறாய். துப்பிவிடு."

பதினொரு முகங்களும் திரும்பின. டீன்கூட நெஞ்சுக்கு முன்னால் கட்டியிருந்த கையை எடுத்தான்.

"அந்தப் போன் பற்றி... எங்கட ஆக்களிட்டை ஒரு பழக்கம் இருக்கு" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "ஆனால் அதைச் சொல்லலாமோ தெரியாது. கோர்ட்டில் அது வரவில்லை. முதலில் நீதிபதியிடம் கேட்க வேண்டும்."

"சும்மா சொல்லேன்."

"இல்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

அவள் அரைப்பக்கம் எழுதினாள். 'சாவுச் செய்தியை என் சமூகத்தில் போனில் எப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். அதை மற்ற ஜூரிகளுக்கு நான் சொல்லலாமா? சொன்னால் அது வெளித் தகவல் கொண்டுவந்தது ஆகுமா?' இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தினாள்.

ஜில் வாங்கி வாசித்தாள். முகத்தில் கருணைதான் இருந்தது. "நீளமாக இருக்கிறது, கண்ணே. நீதிபதிகளுக்குச் சுருக்கமாக எழுத வேண்டும். நான் துப்பரவாக எழுதித் தரட்டுமா?"

தன் ஆங்கிலம் நீதிபதியின் கைக்குப் போகத் தேவையில்லை என்று சிவரூபினிக்கு ஆறுதலாக இருந்தது. "ஓகே, தாங்க்யூ" என்றாள். ஜில் எழுதி மடித்துக் கதவுக்கு வெளியே கொடுத்தாள்.

ஒரு மணித்தியாலம் கழித்து எல்லாரையும் கோர்ட்டுக்குள் அழைத்தார்கள். நீதிபதி குறிப்பைச் சத்தமாக வாசித்தார்.

"'தமிழர்களின் பழக்கவழக்கம் பற்றி எங்களுக்கு ஏதாவது சாட்சியம் தர முடியுமா?'"

சிவரூபினி ஜில்லைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்டது அதில்லை.

"கேள்விக்கு நன்றி" என்றார் நீதிபதி. "பதில், முடியாது. சாட்சியம் முடிந்துவிட்டது, மேலதிகமாக எதுவும் தர முடியாது. கேட்டதை வைத்து மட்டுமே தீர்மானியுங்கள். என் எழுத்து வழிகாட்டலின் மூன்றாம் பக்கத்தைத் திரும்ப வாசியுங்கள்." பிறகு சொன்னார்: "இதுவரை பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்றிருந்தேன். அதற்கே முயலுங்கள். முடியாவிட்டால், இனிப் பத்துப் பேராவது ஒத்துக்கொண்ட முடிவை ஏற்பேன்."

கண்ணாடிக்குப் பின்னால் குகதாசன் மொழிபெயர்க்கும் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'தமிழர்களின் பழக்கவழக்கம்' என்று அவள் சொன்னபோது அவர் தலை நிமிர்ந்தது. எந்தப் பழக்கம் என்று கேட்பதைப்போல அவர் கண் ஜூரிகளில் ஒவ்வொருவராகத் தேடி வந்து, சிவரூபினியில் நின்றது. அவள் குனிந்துகொண்டாள்.

அறைக்குத் திரும்பியதும் மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். வாழ்க்கை அனுபவத்தைப் பயன்படுத்துங்கள். விரல் அதில் நின்றது.

"நான் கேட்டது வேறை" என்றாள். "சாட்சியம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா என்றுதான்..."

"அவர் இப்போதுதான் முடியாது என்றார்" என்றான் டீன். கோபமில்லை, களைப்பு. "எல்லாரும் கேட்டோம்."

"இல்லை, எங்கட அப்பா செத்தபோது..."

"கண்ணே, நிறுத்து." ஜில் அவள் கையைப் பிடித்தாள். "எனக்கும் கேட்க ஆசைதான். ஆனால் நீதிபதி சொன்ன பிறகு நீ சொன்னால் நாங்கள் எல்லாருமே தவறு செய்தவர்கள் ஆகிவிடுவோம். உனக்குத்தான் பிரச்சினை வரும்."

சிவரூபினி நரசிம்மனைப் பார்த்தாள். முழு அறையும் தெரியப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். டீன் அவர் பக்கம் திரும்பினான். நரசிம்மன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நீதிபதி தெளிவாகச் சொல்லிவிட்டார்" என்றார்.

மார்சியா மட்டும் மேசையில் தட்டினாள். "இது பைத்தியக்காரத்தனம். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த விசயம் பூட்டுப்போட்ட பெட்டிக்குள் இருக்கிற போன் மாதிரியா?"

மத்தியானச் சான்ட்விச் வந்தது. தின்றார்கள். இரண்டு மணிக்கு வாக்கெடுத்தபோது குற்றவாளி என்று ஒன்பது கை எழுந்தது. கொஞ்சம் பிந்தி, மேசைக்கு மேல் அரைவாசி உயரத்துக்கு, நரசிம்மனின் கை.

பத்து.

*

"பத்துப் பேர் சம்மதம், இரண்டு பேர் இல்லை" என்று ஜில் எழுந்து நின்று சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் சொல்லுமுன்பே குகதாசனுக்கு விளங்கியிருந்தது. அவர் அழவில்லை. கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். தண்டனை நாலு கிழமை கழித்து, அதுவரை காவலில். ஒரு காவலர் அவர் முழங்கையைத் தொட்டுப் பின்கதவால் கூட்டிப்போனார். பார்வையாளர் பக்கத்தில் அவர் மனைவி எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் திரும்பவும் இருந்தாள். மேனுஷா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

நீதிபதி ஜூரிகளுக்கு நன்றி சொன்னார். அறைக்குள் என்ன பேசினீர்கள் என்பதை வாழ்நாளில் எவரிடமும் வெளியிடக் கூடாது, வெளியிட்டால் குற்றம் என்றும் சொன்னார். அதைச் சிவரூபினி எழுதவில்லை. தாளையும் பேனையையும் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் நரசிம்மன் அவள் பின்னால் வந்து நின்றார்.

"மேடம்." மழையில் கண்ணாடி மங்கியிருந்தது. "எங்க பெரியப்பா போனப்போ எனக்கும் அப்படித்தான்... நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன். நீங்க அவங்க ஊரு. நான் பேசினா..."

அவளுக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. அவருடைய பெரியப்பாவின் கதை முழுவதையும், அந்த அறையில் கேட்டிருக்க வேண்டிய ஒவ்வொரு சொல்லையும்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "கதைக்கக் கூடாது."

அவர் தலையாட்டிவிட்டு நடந்துபோனார்.

தரிப்பிடத்தின் மறுகரையில், மழை படாத மூலையில் குகதாசனின் மனைவி நின்றிருந்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி போனைக் காதில் வைத்தாள். முதல் தரம் எடுத்து, உடனே வைத்துவிட்டாள். இருமி, கண்ணைத் துடைத்து, திரும்ப எடுத்தாள்.

"ஹம்சினி? எங்கை பிள்ளை நிக்கிறாய், யூனிவேர்சிற்றியிலையோ? சாப்பிட்டியோ?" சிரிப்பதைப்போல ஒரு சத்தம் வந்தது. "ஓம், முடிஞ்சுது. இல்லை, ஒண்டுமில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் பிந்துமாம். நீ பதறாமல் வீட்டை வா."

மறுபக்கத்தில் அந்தப் பிள்ளை என்ன விளங்கிக்கொண்டாள் என்று சிவரூபினிக்குத் தெரியாது. அவளும் இங்கேயே வளர்ந்த பிள்ளையாக இருக்கும். வழியில் நின்று அப்பாவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வருவாளோ என்னவோ.

பஸ் வந்து கதவைத் திறந்தது. சிவரூபினி ஏறவில்லை. பிறகு கதவை மூடிக்கொண்டு போனது.